தோலுக்குக் கீழே இரண்டு கால்

ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிற்காது. ஆம்பூரில் அவளை அறிந்தவர்கள் அவள் ஊரையும் தெருவையும் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள். ஞானஸ்நானத்தில் ஆயர் தலையில் தண்ணீர் தெளித்தபோது மற்ற குழந்தைகளெல்லாம் வீரிட்டு அழ, இவள் மட்டும் கெக்கலி கொட்டினாளாம். அவள் அப்பா சாமுவேல் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அன்பரசன் தாலி கட்டக் கை நீட்ட, சட்டைப் பொத்தான் மாலையில் சிக்கிக்கொண்டு கை பாதி வழியில் நின்றுவிட்டது. பெண் சிரித்தாள். கோயில் முழுக்கச் சிரித்தது. தாலி ஏறவே நேரமாயிற்று.

வீட்டில் இந்தச் சிரிப்பு நல்லதுதான். அது வேலைக்குத்தான் ஆகவில்லை. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வரிசையில் இருந்தபோது சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுப் பயர் ஒருவர் பசை தடவிய ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்டூலோடு எழுந்தார். வரிசை மொத்தமும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. ஹெலனால் முடியவில்லை. அவளுடைய காண்ட்ராக்ட் அத்தோடு முடிந்தது. அதற்கடுத்த கம்பெனியிலும் காண்ட்ராக்ட்தான்; அங்கே முதலாளியின் மைத்துனர் பேசிய சுதந்திர தின உரைதான் அவளுக்கு எமனாக வந்தது. இப்படியே நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. நிரந்தரப் பணியாளர் பட்டியலில் அவள் பெயர் ஒருநாளும் ஏறியதில்லை. தெருவில் யாராவது தன் படம் போட்ட இ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக் காட்டினால், ஹெலன் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாள்.

பாலாற்றங்கரையை ஒட்டித் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கேமரா ரூமுக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் காண்ட்ராக்ட்தான். ஆனால் தனி அறை. சிரித்தால் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள்.

அந்த வேலை இதுதான். டேனரியில் டிரம் என்று ஒன்று உண்டு. ஓர் அறை அளவுக்குப் பெரிய மரப்பீப்பாய். உள்ளே தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுழலவிடுவார்கள். சுழலும்போது கிட்டே போனால் லுங்கியோ துப்பட்டாவோ மாட்டிக்கொள்ளும். பிறகு ஆள் மிஞ்சுவது அரிது. அதனால் டிரம்மைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, மேலே கேமரா வைத்திருந்தார்கள். ஆளைக் கண்டால் கேமராவுக்குப் பின்னாலிருக்கும் கம்ப்யூட்டர் திரையில் அந்த ஆளைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போடும்; அந்த ஆள் ஓடும் டிரம்மின் கோட்டுக்குள் வந்தால் சைரன் அலறும், டிரம் தானாக நின்றுவிடும்.

ஏற்பாடு அருமையானது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் படித்தது கார் தொழிற்சாலைப் படங்களை. ஹெல்மெட் போட்டு விறைப்பாக நிற்கும் ஆட்களைத்தான் அதற்குத் தெரியும். ஆம்பூருக்கு வந்ததும் அதற்குத் தலை சுற்றிவிட்டது. டிரம் ஷெட்டின் ஓரத்தில் கம்பிகளில் காயப்போட்ட தோல்கள் காற்றில் அசைந்து கோட்டுக்குள் எட்டிப்பார்க்க, தோள், இடுப்பு, அங்கியின் விளிம்பு என்று எல்லாம் அதற்கு மனிதராகவே தெரிந்தன. ஒவ்வொரு தோலுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சைரன்.

டிரம் மேஸ்திரி ஜியாவுல்லா படியேறி வந்து கேமரா ரூம் வாசலில் நின்றார்.

“இன்னா ஹெலன்ம்மா இது பேஜாரு! தொங்குறதெல்லாம் ஆளுன்னா நம்ம டேனரில ஜனத்தொகை ஜாஸ்தி ஆய்டுச்சே. ரேஷன் கார்டு யாரு குடுப்பாங்க?”

ஹெலன் சிரித்தாள்.

“சிரிக்காதம்மா. டிரம்மு பாதியில நின்னா தோல்ல திட்டு திட்டா கறை புடிக்கும். முதலாளி கேட்டா கேமராவையா கூட்டிட்டுப் போயி நிறுத்துவேன்?”

கேமராவைப் பொருத்திய கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆல்வின், வேலூர்ப் பையன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அக்கா, இது புது வீட்டுக்கு வந்த மருமக மாதிரி. யாரு மாமனார், யாரு பால்காரர்னு அதுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்.”

“மருமக பால்காரர் கால்ல விழுந்தாக்கூடப் பரவால்ல தம்பி. இது கொடிக்கம்பியில தொங்குற வேட்டி கால்லயில்ல விழுது!” என்றாள் ஹெலன்.

ஆல்வின் செய்துகாட்டினான். கம்ப்யூட்டர் சந்தேகப்பட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ஆள்’, ‘ஆள் இல்லை’. ஹெலன் எதை அமுக்குகிறாளோ அதைக் கம்ப்யூட்டர் மனதில் வாங்கிக்கொள்ளும். மறுநாள் காலை கொஞ்சம் புத்தி தெளிந்து எழுந்திருக்கும்.

ஹெலனுக்கு இது பிடித்துப்போயிற்று. வாழ்நாளில் அவள் பேச்சைக் கேட்டு மறுநாளே திருந்திய ஜீவன் வேறெதுவும் இல்லை. வற்றலைக் கொத்த வரும் காக்கையை விரட்டுவதுபோல ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அமுக்கிக்கொண்டே போனாள். சைரன் குறைந்தது. ஒரு வாரத்தில் அடியோடு நின்றுவிட்டது. ஜியாவுல்லா வீட்டிலிருந்து அவளுக்குத் தனி டப்பாவில் பிரியாணி வந்தது, கத்திரிக்காய்த் தொக்கோடு.

மேனேஜர் ராமமூர்த்தியும் மாடி ஏறி வந்தார். அபூர்வமாகத்தான் ஏறுவார், மூச்சு வாங்கியது.

“பயர் கம்பெனிலேர்ந்து சனிக்கிழமை பாரதி மேடம் வர்றாங்கம்மா. சேஃப்டி எல்லாம் பாப்பாங்க. அவங்க எதிர்ல இது ஒழுங்கா வேலை செஞ்சா கேமரா ரூம் இருக்கும், நீங்களும் பர்மனென்ட். சொதப்புனா ரெண்டும் இல்ல.”

பர்மனென்ட்! ஹெலன் அன்று அன்பரசனின் ஆட்டோவில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், கார்டுக்குப் போட்டோ எடுக்கும்போது எப்படிச் சிரிக்காமல் இருப்பது என்று கண்ணாடியில் பழகிப் பார்த்தாள். முடியவில்லை.

புதன்கிழமை மதியம் ஏலகிரிப் பக்கமிருந்து மழை வந்தது. டேனரியில் மழை என்றால் அது தீ விபத்து மாதிரிதான். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளிமுற்றத்தில் காய்கிற தோல்களை எடுக்க ஓடினார்கள். ஆளுக்கொரு தோலை உருவித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடிவந்தார்கள்.

ஹெலன் திரையைப் பார்த்தாள். தோல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னத் தோல், பெரிய தோல், வால்பக்கம் தரையில் இழுபடுகிற தோல், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்று வழிவிடுகிற தோல். சந்தையில் விற்ற மாடெல்லாம் கோபித்துக்கொண்டு வீடு திரும்புவதுபோல இருந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தவளுக்குச் சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் ஆயுளில் அது தானாக நின்றது அன்றுதான். திரையில் ஒரு பச்சைக் கட்டம்கூட இல்லை. இத்தனை பேர் ஓடுகிறார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஷெட்டில் ஒரு ஆளும் இல்லை. அதற்குள் ஒரு தோல் கூட்டத்திலிருந்து பிரிந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி, ஓடுகிற டிரம்மின் பக்கத்தில் குனிந்தது. சைரன் வாயே திறக்கவில்லை.

ஹெலன் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். டிரம் முனகிக்கொண்டு நின்றது. மைக்கைப் பிடித்தாள்.

“யாரு அது கோட்டுக்குள்ள? வெளிய வாங்க!”

தோல் விலகியது. ஜியாவுல்லா. கையில் வாளி. குரல் எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் மேலே கூரையைப் பார்த்தார்.

“வாளி எடுக்க வந்தேம்மா! கூரை ஒழுகித் தோல் நனையுதேன்னு!”

மழை விட்டதும் ஹெலனும் ஆல்வினும் அவள் அமுக்கிய பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். தோலைத் தலையில் சுமந்து போகிற ஆட்களின் படங்கள் அதில் ஏராளம். எல்லாவற்றுக்கும் அவள் ‘ஆள் இல்லை’ என்றே அமுக்கியிருந்தாள்.

“எப்பிடிக்கா? கால் தெரியுதே!” என்றான் ஆல்வின்.

ஹெலன் கீழேபோய் ஜியாவுல்லாவையும், ஓரம் வெட்டும் பிரிவிலிருந்து, அக்கா முறையில் ஆபா என்று எல்லோரும் அழைக்கும் சுகரா பேகத்தையும் கூட்டிவந்து ஒரு படத்தைக் காட்டினாள்.

“ஆபா, இதுல இன்னா தெரியுது?”

சுகரா பேகம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “ஓரத்துல கத்தி பட்டிருக்கு. உரிச்சவன் கை சரியில்ல.”

“ஜியா பாய்?”

“கழுத்துப் பக்கம் பூரா உண்ணிக் கடி. மூணாம் தரம். இத யாரு வாங்கனது?”

“கீழ பாருங்க.”

ஜியாவுல்லா கீழே பார்த்தார். தோலுக்குக் கீழே இரண்டு கால். இடது பாதத்தில் கட்டுப்போட்ட பெருவிரல். தன் காலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“அட! இது நானு!”

ஆல்வின் வாய்விட்டுச் சிரித்தான். விஷயம் அதுதான். ஆம்பூர்க் கண்ணுக்குத் தோல்தான் முதலில் தெரியும். தூக்கி வருகிறவன் பிறகுதான். மூன்று பேருமே ஒரே ஊர். ஹெலன் தன் கண்ணை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டாள்.

சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை ஓசைப்படாமல் கழிந்துவிடக்கூடும். வருகிற மேடம் தோலைப் போர்த்திக்கொண்டா நடக்கப் போகிறார்? அந்த எண்ணம் ஹெலனுக்கு வராமலில்லை. ஆனால் டிரம் பக்கத்தில் குனிந்த அந்த முதுகு கண்ணைவிட்டுப் போகவில்லை. நேரே ராமமூர்த்தியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

“நாளன்னிக்கி மறுநாள் சனிக்கிழமைம்மா! இப்ப இன்னா பண்றது?”

“தோல் போர்த்துன ஆள் படம் நிறைய வேணும் சார்,” என்றான் கூடவே வந்திருந்த ஆல்வின். “வெறும் தோல் படமும் அதே அளவு வேணும். ரெண்டையும் அக்கா பிரிச்சுச் சொன்னாத்தான் அதுக்கு வித்தியாசம் பிடிபடும்.”

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், டிரம்களையெல்லாம் நிறுத்திவிட்டு, அந்த டேனரியில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு ஊர்வலம் புறப்பட்டது. முதலில் ஜியாவுல்லா, முக்காடு போட்ட கல்யாணப் பெண்போலத் தோலை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து அடியெடுத்து வைத்தார். பின்னால் சுகரா பேகமும் ஓரம் வெட்டும் பெண்களும், ஆளுக்கொரு ஆட்டுத்தோலைத் துப்பட்டாவுக்கு மேல் போட்டுக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். நின்றார்கள், குனிந்தார்கள், வாளி எடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். ஹெலன் மேலேயிருந்து மைக்கில் நடத்தினாள்.

“ஆபா, கொஞ்சம் சாய்ஞ்சு நடங்க! ஜியா பாய், மாப்பிள்ளை இன்னும் வரல, வெக்கப்பட்டது போதும்!”

வேடிக்கை பார்க்க வந்த ராமமூர்த்தியின் தலையிலும் யாரோ ஒரு பெரிய எருமைத்தோலைக் கவிழ்த்துவிட்டார்கள். உள்ளேயிருந்து “டேய், யார்ரா அது” என்று குரல் மட்டும் வந்தது. ஜியாவுல்லா அவரைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

“கனம் ஜாஸ்தி. எக்ஸ்போர்ட்டுக்குப் போகாது. லோக்கல்!”

கம்ப்யூட்டர் போடாத கட்டத்தை ஹெலன் சிரித்துக்கொண்டே தானே போட்டாள். தோலின் உச்சியிலிருந்து பாதம்வரை முழுக் கட்டம். ஆள், ஆள், ஆள். கம்பியில் வெறுமே தொங்குவது ஆள் இல்லை. இந்த முறை ஒவ்வொரு படத்திலும் முதலில் காலைத் தேடினாள்.

சனிக்கிழமை பாரதி மேடம் வந்தார். சிரிக்காத முகம். ஹெலன் மேலே மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரம் ஓடியது. தொங்கும் தோல்கள் காற்றில் ஆடின, சைரன் பேசவில்லை. ஜியாவுல்லா ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு, முன்பே ஏற்பாடு செய்தபடி, டிரம்முக்கு எட்டாத தூரத்தில் மஞ்சள் கோட்டை மிதித்தார். சைரன் அலறியது, டிரம் நின்றது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தைச் சபித்தவர்களெல்லாம் விசிலடித்துக் கை தட்டினார்கள். பாரதி தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

டிரம்மை மறுபடி ஓடவிட்டார்கள். பெருங்காற்று ஒன்று வந்தது. ஒரு தோல் கம்பியோடு நகர்ந்து கோட்டுக்குள் வந்து தொங்கியது. உடனே சைரன்! டிரம் நின்றது. எல்லோரும் நின்றார்கள். ராமமூர்த்தி வெளுத்துப்போனார்.

“யாரு அங்க? வெளிய வாங்க,” என்றார் பாரதி.

யாரும் வரவில்லை. அவரே போய்த் தோலை விலக்கினார். ஆள் இல்லை. தோலுக்கு நேர் கீழே, காயவைத்த ஒரு ஜோடி ரப்பர் கம்பூட்ஸ், முன்பக்கம் பார்த்து, ஒழுங்காக, யாரோ உள்ளே நிற்பதுபோலவே நின்றுகொண்டிருந்தது.

கைக்குட்டை தாங்கவில்லை. மைக் அணையவும் இல்லை. ஹெலனின் சிரிப்பு ஷெட் முழுக்க, முற்றம் முழுக்க, கேட்டுக்கு வெளியே டீக்கடைவரை போயிற்று.

“யார் சிரிக்கிறது?” என்றார் பாரதி.

“நான்தான் மேடம், ஹெலன்,” என்றது ஸ்பீக்கர். “மன்னிச்சுக்குங்க மேடம். அது… பூட்ஸு மேடம்…” மறுபடி சிரிப்பு. கீழே சுகரா பேகம் தூணைப் பிடித்துக்கொண்டார். “பூட்ஸு யாருது?” என்று ராமமூர்த்தி உறும, ஜியாவுல்லா வெறுங்காலோடு கூரையைப் பார்த்தார்.

பாரதி மாடி ஏறிவந்தார். ஹெலன் எழுந்து நின்றாள். கார்டு போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய் மட்டும் அடங்கவில்லை.

“இப்ப என்ன பண்ணப் போறீங்க? ‘ஆள் இல்லை’ன்னு அமுக்கிடுவீங்களா?”

“உடனே அமுக்க மாட்டேன் மேடம். அப்பிடி அவசரப்பட்டு அமுக்கித்தான் ஜியா பாயத் தோலாக்கிட்டேன். பூட்ஸு மாட்டிட்டு ஆளுங்க நிக்கற படத்தையும் பக்கத்துல வெச்சுச் சொல்லணும். இல்லன்னா நாளைக்கு பூட்ஸு போட்டவங்கள எல்லாம் விட்டுடும்.”

பாரதி திரையைப் பார்த்தார். பச்சைக் கட்டத்துக்குள் அந்த பூட்ஸ் கம்பீரமாக நின்றது. அவர் உதடு ஒருபக்கமாக நெளிந்தது.

“பூட்ஸப் பாத்து கத்துனா ஒரு லோடு தோல் கெடும். ஆளப் பாத்து கத்தலன்னா?” என்று மட்டும் சொன்னார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அவருடைய சிரிப்பும் ஸ்பீக்கரில் போயிற்று.

திங்கட்கிழமை மதியம் ராமமூர்த்தி உத்தரவைக் கையில் கொடுத்தார். “இனிமே மைக்க அணைச்சுட்டுச் சிரிங்கம்மா.” ஹெலன் அதை முன்னும் பின்னும் பார்த்தாள். நிரந்தரம் என்று அச்சாகவே இருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். ஷெட்டுக்குள் ஓடினாள்.

“ஜியா பாய்! ஜியா பாய்! வந்துடுச்சு!”

தாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஓடுகிற டிரம்மைக் கவனிக்காமல், மஞ்சள் கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்தாள்.

சைரன் அலறியது. டிரம் நின்றது.

“ஹெலன்ம்மா!” என்று கத்தினார் ஜியாவுல்லா. “கோட்டுக்குள்ள இன்னா வேல உனக்கு? போச்சு, இந்த லோடும் போச்சு!”

ஹெலன் மேலே கேமராவைப் பார்த்தாள். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.