சலூன்காரருக்குக் கிடைத்த பூசணிக்காய்

சட்டையில் ஒரு முடி ஒட்டியிருந்தாலே முகத்தைச் சுளித்துத் தட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் சலூன்காரர் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். அப்படியிருக்க, பக்கத்துத் தெரு டீச்சர் ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணே, கூட்டுற முடிய வெளிய கொட்டாம எங்க சுற்றுச்சூழல் சங்கத்துக்குத் தர்றீங்களா?" என்றதும் திருதிருவென்று விழித்தார்.

"எதுக்கும்மா, விக்கவா?"

"இல்லண்ணே, மண்ணுக்கு."

மண்ணுக்கு எதற்கு முடி? கேட்டால் விவரம் கெட்டவன் என்று நினைத்துவிடுவாரோ என்று தலையை ஆட்டிவைத்தார். வீட்டில் சொன்னபோது மனைவிக்கு முகம் மாறிவிட்டது.

"மந்திரம் கிந்திரம் பண்ணுவாங்களோ? யார் முடின்னு கேட்டாங்களா?"

"கேக்கலியே."

"அப்ப குடுங்க, போகட்டும்."

மூட்டை மூட்டையாகக் கொடுத்தார். சில மாதம் கழித்து, சங்கத்துக் கூட்டத்துக்கு அவசியம் வரவேண்டும் என்று டீச்சர் கூப்பிட்டார். நூலக மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எது முன்வரிசை, எது பின்வரிசை என்றே பிடிபடாமல் கதவோரமாக உட்கார்ந்தார். ஒருவர் எழுந்து, இந்த மாதம் தன் வீட்டிலிருந்து குப்பையே போகவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். குப்பை போடாததற்கெல்லாமா கைதட்டல் என்று குழம்பியபடியே இவரும் தட்டினார்.

அப்புறம் டீச்சர் ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தார்.

"இது உங்க முடியில வெளஞ்சதுண்ணே."

சலூன்காரர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார். "எனக்கு ஏதும்மா முடி?"

கூடமே குலுங்கிச் சிரித்தது. முடி மக்கி உரமாகிற விஷயத்தை டீச்சர் பொறுமையாகச் சொன்னார். அவருக்குப் பாதி புரிந்தது. பேசச் சொன்னார்கள். "அடுத்த மாசமும் முடி வளரும், கொண்டாரேன்" என்றார். அதற்கும் சிரிப்பு, அதற்கும் கைதட்டல். மெச்சுகிறார்களா, கேலி பண்ணுகிறார்களா?

பஸ்ஸில் மடியிலிருந்த காயைப் பார்க்கப் பார்க்க என்னவோ போலிருந்தது. கடைக்கு வருகிற ஒவ்வொரு தலையாக நினைவுக்கு வந்தது. பொடுகுத் தலை கணக்கர், கத்திரியைக் கண்டாலே அலறும் குட்டிப்பயல், தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளும் கடைக் கட்டட ஓனர். எல்லோருமா இதற்குள்?

மனைவி சமைத்துப் பரிமாறிவிட்டு, அவர் தட்டையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல." சாப்பிட்டார். தித்திப்பாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் குழப்பிவிட்டது.

மறுநாள் கட்டட ஓனர் வந்து உட்கார்ந்தார். மறைத்துச் சாப்பிட்டதுபோல் மனசு உறுத்தவே, சலூன்காரர் எல்லாவற்றையும் உளறிக்கொட்டிவிட்டார். ஓனர் கோபப்படப்போகிறார் என்று கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

ஓனர் கண்ணாடி வழியாக அவரை முறைத்தார்.

"என் முடியில வெளஞ்சத நீ மட்டும் தின்னா எப்படி? எனக்கு ஒரு துண்டு எங்கய்யா?"