ஒட்டாத புரதம்

எம்.எஸ்சி. கடைசி ஆண்டில் எனக்குக் கிடைத்த ஆய்வு சுலபமானது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ரெசின் என்பது ஈர ரவை மாதிரி இருக்கும் நுண்மணிகள். புரதம் கரைந்த நீரில் அதைப் போட்டுக் குலுக்கினால் புரதம் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். மேலே தெளிந்த நீரில் மிச்சமிருக்கும் புரதத்தை அளந்து கழித்தால், ஒட்டியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். உப்பு மட்டும் கலந்துவிடக் கூடாது. கலந்தால் புரதம் பிடியை விட்டுவிடும்.

நான் மரக்காணத்துப் பெண். அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. 2005இல் தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரெசின் புட்டியோடு வந்த தாளில் போட்டிருந்த அளவில் பாதிகூட எனக்கு வரவில்லை. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே அளவுதான். என் ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டியூப்பெல்லாம் ஒழுங்கா கழுவுறியாம்மா? உங்க வீட்ல உப்பு வேலைதானே, கையில ஒட்டிக்கிட்டு வந்துடுதா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து இரண்டு கையுறை போட்டேன். வீட்டில் காயவைத்த துணி ஆகாதென்று, விடுதித் தோழி அறையில் ஒரு சுடிதாரை வைத்து, வந்ததும் மாற்றிக்கொண்டேன். அம்மா தலையைத் தடவ வந்தால் விலகிப்போனேன்.

"இன்னாம்மா ஆச்சு உனக்கு?" என்றார் அப்பா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மூன்று மாதம் இப்படியே போனது. புட்டியில் ரெசின் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மதியம், வேறு வழி தெரியாமல், ஆய்வகத்தின் சுத்த நீரையே ஒரு குழாயில் பிடித்து சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். உப்பைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்தில் செய்யும் சோதனைதான். நீர் பால்போல வெளுத்தது. உப்பு! தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவியின் வடிகட்டி செயலிழந்துபோய், போர்வெல் தண்ணீரின் உப்பு அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வேலைக்கு அந்த உப்பு ஒரு பொருட்டில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மேடத்திடம் ஓடினேன். "புது வடிகட்டிக்கு எழுதிப் போடுறேம்மா. வரும்" என்றார். வரவில்லை.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்று வாங்கினேன். சோதித்தேன், வெளுக்கவில்லை. மிச்சமிருந்த ரெசின் ஒரே ஒரு குழாய்க்குத்தான் போதுமானதாக இருந்தது. செய்தேன். தாளில் போட்டிருந்த அளவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. புரதத்தை அளக்கும் கருவியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மேடம் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா ஒரு புள்ளிய வெச்சுக்கிட்டு கோடு போட முடியாதேம்மா. ரெசின் வெளிநாட்டுலேர்ந்து வரணும். உனக்கோ அடுத்த மாசம் வைவா. தீசிஸ்ல பழைய கணக்கையே போட்டுடு."

போட்டேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் வரைபடத்தின்மேல் பேனாவை வைத்தார். "ஏன் இவ்ளோ கம்மியா பிடிக்குது?"

மேடத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியல சார்" என்றேன். பாஸ் செய்துவிட்டார்கள்.

2006 கடைசியில், அதே ஆய்வைத் தொடர்ந்த ஜூனியர் பெண் போன் செய்தாள். புது ரெசின் வந்திருக்கிறதாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, உங்க தீசிஸ்ல இருக்கிற அளவேதான் எனக்கும் வருது. மேடம் கரெக்டுன்னு சொல்லிட்டாங்க!"

"வடிகட்டி மாத்திட்டாங்களா?"

"எந்த வடிகட்டிக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அது தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதினீங்களாக்கா?"