செவ்வாய்க்கிழமை நகம் வெட்டும் லொரெய்ன்

லொரெய்ன் ஓம்ப்ளர் எங்கள் சுகாதார நிலையத்துக்குத் தரை துடைக்க வந்தபோது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் தலை வெட்டிக் குடல் எடுத்தவள். தொழிற்சாலையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். நான் அப்போது வரவேற்பு மேசையில் இருந்தேன்.

எங்கள் நிலையத்தை நடத்துவது ஊழியர்களே சேர்ந்து வைத்திருக்கும் ஒரு நிறுவனம். நர்சுகள், இயன்முறை மருத்துவர்கள், பாத மருத்துவர் ரூத், நான், லொரெய்ன் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. மிச்சம் வந்தால் அதை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, ஊருக்குத்தான் செலவழிக்க வேண்டும். எதற்குச் செலவழிப்பது என்று வருடத்துக்கு ஒருமுறை நூலக மாடியில் கூடிப் பேசுவோம்.

ஒரு நவம்பர் மாதம், கொட்டுகிற மழையில், வில்ஃப் டெனிசன் வந்தார். எண்பத்தொரு வயது, மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் போடுகிற துணிச் செருப்பு அணிந்திருந்தார். அதன் முன்பக்கத்தைக் கத்தரித்துவிட்டிருந்தார். கால் நகம் வெட்டிவிட முடியுமா என்று என்னிடம் கேட்டார். சர்க்கரை நோய் இருந்தால்தான் இங்கே வெட்டுவார்கள், வெறும் நகம் வெட்டுவது சிகிச்சையில் சேராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். விதி அப்படித்தான் இருந்தது.

வாசலில் லொரெய்ன் துடைப்பத்தோடு நின்றாள்.

"என்ன வில்ஃப், இந்த மழையில இதையா மாட்டிட்டு வந்தீங்க?"

"ஷூவுக்குள்ள கால் போகமாட்டேங்குது புள்ள. எனக்குக் குனியவும் முடியல. எட்னா இருந்தவரைக்கும் அவதான் வெட்டிவிடுவா."

அவர் மனைவி எட்னா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த வருடக் கூட்டத்தில் காத்திருப்பு அறைக்குப் புது நாற்காலிகள் வாங்கலாம் என்று முதலில் பேச்சு வந்தது. லொரெய்ன் எழுந்தாள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை.

"நாற்காலி நல்லாத்தான் இருக்கு. நான்தானே தினமும் துடைக்கிறேன். இந்த ஊர்ல வயசானவங்க பாதிப் பேருக்குக் கால் நகத்தை வெட்ட முடியல. அதுக்கு ஏதாவது பண்ணுங்க."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ரூத் சிரிக்கவில்லை. "போன மாசம் விழுந்து இடுப்பு உடைஞ்ச மூணு பேரோட காலை நான் பார்த்தேன்" என்றாள். "மூணு பேருமே ஷூ போட முடியாம செருப்போட திரிஞ்சவங்க. லொரெய்ன் சொல்றது சரி."

"சரி, யாரு வெட்டுறது?" என்று தலைவர் கேட்டார்.

"சொல்லிக்கொடுத்தா நான் வெட்டுறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு என்றே சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் ரூத்திடம் பயின்றாள். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது ரூத்தைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டாள். மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் செவ்வாய்தோறும் நகம் வெட்டும் முகாம் நடத்துவதென்று ஏற்பாடாயிற்று. வெந்நீர்த் தொட்டிகள், துண்டுகள், நகவெட்டிகள், அரம் எல்லாம் வாங்கியாயிற்று. முதல் செவ்வாய் ஒருவர்கூட வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

லொரெய்ன் நேரே மீனவர் கிளப்புக்குப் போனாள். வில்ஃப் பியர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காகத்தான் நான் கூட்டத்துல எழுந்து நின்னு அசிங்கப்பட்டேன். நீங்க பாட்டுக்கு இங்க உக்காந்திருக்கீங்க."

"என் காலை வேற பொம்பள புடிக்கிறதா? அதெல்லாம் வேணாம். பாத்தா நீயே ஓடிருவ. நாத்தம் வேற."

"இருபத்திரண்டு வருஷம் மீன் குடல் எடுத்தவகிட்டயா நாத்தத்தைப் பத்திப் பேசறீங்க?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வில்ஃபும் சிரித்துவிட்டார்.

அடுத்த செவ்வாய் வந்தார். நகங்கள் சுருண்டு விரலுக்கடியில் போயிருந்தன. ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அராவி முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எட்னா இவ்வளவு நேரம் எடுக்கமாட்டா" என்றார்.

"எட்னா காலத்துல நீங்க நாலு வருஷம் சேர்த்து வைக்கலையே."

அதற்குப் பிறகு கிளப்பிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் கூடத்து வாசலில் வரிசை நின்றது.

அடுத்த கோடையில் வில்ஃபின் குதிகாலில் ஆறாத புண் ஒன்று இருப்பதை லொரெய்ன் கவனித்தாள். தான் எதுவும் செய்யாமல் ரூத்தைக் கூப்பிட்டாள். இரத்தம் சோதித்தபோது அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் சர்க்கரை நோய் இருப்பதால், விதிப்படி இனிமேல் அவருக்கு ரூத்தான் நகம் வெட்ட வேண்டும், லொரெய்ன் தொடக்கூடாது.

வில்ஃப் என் மேசைக்கு வந்து கத்தினார். "வியாதி இல்லன்னு அன்னைக்குத் துரத்துன. இப்ப வியாதி இருக்குன்னு அவகிட்ட இருந்து துரத்துற. உங்களுக்கு என்னதான்யா வேணும்?"

ரூத்தின் பட்டியலில் அவர் பெயரை எழுதிக்கொண்டேன்.

லொரெய்ன் அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. மறு வாரம் அவர் முணுமுணுத்துக்கொண்டே ரூத்திடம் போனார். செவ்வாய்க்கிழமைகளில் கூடத்துக்கும் வந்தார், தேநீர் போட. அவர் போடும் தேநீர் கடுங்கசப்பாக இருக்கும். யாரும் குறை சொல்வதில்லை.

இப்போது லொரெய்னுக்கு அறுபத்து மூன்று வயது. துடைப்பத்தை விட்டு நான்கு வருடமாகிறது. பக்கத்துக் கிராமத்திலும் வியாழக்கிழமை நடத்துகிறாள். முதுகுவலியால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் பார்ப்பதில்லை. நிர்வாகக் குழுவில் உறுப்பினராக வரும்படி போன வருடம் கேட்டார்கள்.

"கூட்டம் என்னைக்கு?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை."

"அப்ப முடியாது" என்றாள். குழு கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றியது.