கூரைக் கணக்கும் பூசணிக்காயும்

என் மகளுக்கு நெற்றியில் ஏழு தையல் போட்ட மறுநாள்தான், பள்ளிகளின் பணத்தைப் பார்த்துக்கொள்ள ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஸ்கூல் போர்டு என்று ஒன்று எங்கள் ஊரில் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. அமெரிக்காவில், பார்சிப்பனியிலிருந்து கால் மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். பிப்ரவரியில் பள்ளிக் கூரைமேல் கிடந்த பனி உருகி, தண்ணீர் உள்ளே இறங்கி, ஊறிப்போன சீலிங் பலகை ஒன்று இரும்புச் சட்டத்தோடு அவள் தலையில் விழுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஸ்வெட்டர் முழுக்க ரத்தம். அந்தப் பலகை ஓரமாகக் கிடந்தது. அதை ஒரு குப்பைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மறுநாள் அதைப் பிரின்சிபால் மேஜைமேல் ஓங்கி அடித்தேன். சொதசொதவென்று நொறுங்கி, அவர் காகிதங்கள் எல்லாம் நனைந்தன. அந்த அம்மாள் நாற்காலியோடு பின்னால் போனார். "கூரைக்குப் பணம் இல்லை, போர்டுதான் ஒதுக்கவேண்டும்" என்றார். பணம் இல்லையா, சரி, பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நான் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடம் பச்சை மையால் வவுச்சர்களில் டிக் அடித்தவள். அமெரிக்கா வந்தபிறகு ஹெச்-ஃபோர் விசா. வேலைக்குப் போகக்கூடாது. சமைக்கலாம், துணி துவைக்கலாம், ஜன்னல் வழியாகப் பனி பார்க்கலாம். நான்கு வருடமாக அடக்கிவைத்த கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊர் லைப்ரரியில் போர்டு கூட்டங்களின் குறிப்புகளும், ஒவ்வொரு மாதமும் பாஸ் பண்ணிய பில்களின் பட்டியலும் யார் கேட்டாலும் தருவார்கள். மூன்று வருடத்துப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். அதே பள்ளி, அதே கட்டடப் பகுதி, அதே அளவு, அதே கான்ட்ராக்டர். கூரை மூன்று முறை போட்டதாக எழுதியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூட கொஞ்சம் சோறு அதிகம் போடுவார்கள். இவர்கள் அந்த மெனக்கெடலும் செய்யவில்லை.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஓர் அமெரிக்கர், ரிட்டையர்டு தபால்காரர். இரண்டு வருடமாகப் போர்டு கூட்டங்களில் தனியாக எழுந்து கணக்குக் கேட்டு, எல்லோரும் சிரிக்க உட்காருகிறவர். நான் ஜெராக்ஸ் எடுத்த காகிதங்களை அவர் சமையலறை மேஜையில் பரப்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்தார். ஏப்ரல் தேர்தலில் தானே நிற்பதாக அன்றே சொன்னார். "கூரை எங்கே?" என்று புல்வெளியில் நடுகிற அட்டைகள் நாற்பது, நாங்களே பெயிண்ட் அடித்தோம். எனக்கு ஓட்டு கிடையாது. பெயிண்ட் அடிக்க விசா கேட்கமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். "கிரீன் கார்டு process-ல இருக்கு. முதல் படி, லேபர் கிளியர் ஆகி ஆறு மாசம்கூட ஆகலை. ஊர்வம்பு நமக்கு எதுக்குடி?" என்பார்.

"உங்க பொண்ணு நெத்தியைப் பாத்துட்டு இதைச் சொல்லுங்க" என்பேன்.

பட்ஜெட் கூட்டத்தில் தபால்காரர் மைக்கில் நின்று மூன்று கூரையைப் பற்றிக் கேட்டார். போர்டு பதில் சொல்வதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து அந்தக் கான்ட்ராக்டர் எழுந்து வந்தார். ஆறடிக்கு மேல், கதவு அகல முதுகு. தபால்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் ஒருமுறை, இரண்டுமுறை மோதினார். பல் ஒன்று தரையில் விழுந்ததை நான் பார்த்தேன். கையில் இருந்த தடித்த ஃபைலால் அந்த முதுகில் அடித்தேன், அடித்தேன், காகிதமெல்லாம் பறக்கிறவரை அடித்தேன். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈ உட்கார்ந்த மாதிரி தோளை அசைத்தார், அவ்வளவுதான். நான்கு பேர் சேர்ந்து அவரை இழுத்துப் போனார்கள்.

அந்த வாரம் யாரோ தபால்காரர் வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டியை பேஸ்பால் மட்டையால் அடித்து நசுக்கினார்கள். பிறகு அவர் கார்க் கண்ணாடி உடைந்தது. கண்ணாடிக்குக்கூட அவர் கலங்கவில்லை. முப்பது வருடம் தபால் போட்டவர், நசுங்கிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு யாரையாவது கொல்லவேண்டும் போல இருந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, சைனீஸ் கடையில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கினேன். திருஷ்டியில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் எதையாவது உடைத்தே ஆகவேண்டும், உடைப்பதற்கு எங்கள் ஈரோட்டில் ஒரு முறை இருக்கிறது. காம்பின் பக்கம் ஒரு துண்டை வெட்டி, உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் கரைத்து, ஐந்து கால் டாலர் காசு போட்டு, மூடி, மேலே சூடம் ஏற்றினேன். உச்சி வெயிலில் தபால்காரரை அவர் டிரைவ்வேயில் கிழக்கு பார்த்து நிறுத்தி மூன்று சுற்றுச் சுற்றினேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ராணுவ மரியாதை மாதிரி விறைப்பாக நின்றார்.

உடைப்பதை முச்சந்தியில் உடைக்கவேண்டும். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற இடத்துக்குத் தூக்கிப் போனேன். அந்தக் கான்ட்ராக்டரின் தலையை நினைத்துக்கொண்டேன். தலைக்குமேல் ஓங்கி, தார் ரோட்டில் அடித்தேன். சதையும் விதையும் சிவப்புத் தண்ணீருமாக வெடித்துச் சிதறியது. அப்பாடா என்றிருந்தது. மூன்று மாதத்தில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை.

உடைத்தபின் திரும்பிப் பார்க்கக்கூடாது. அதுதான் முறை. நான் திரும்பி நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வரும் சத்தம், கனமான வண்டி. பனிக்காலம் முடிந்து வெயில் அடித்த முதல் சனிக்கிழமை, ஊரே வண்டியை வெளியில் எடுத்திருந்தது. எங்கள் தெருவுக்குள் திரும்ப வேகத்தைக் குறைத்தது கேட்டது. பிறகு இரும்பு தாரில் உரசுகிற சத்தம், நீளமாக. பிறகு ஓர் ஆண் அலறினான். எங்கள் ஊரில் அமாவாசைக்கு மறுநாள் எத்தனை ஸ்கூட்டர்கள் பூசணித் துண்டில் வழுக்கி விழுகின்றன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் சித்தப்பாவே முழங்கை உடைந்து கிடந்தார். எல்லாம் அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முறை என்பதற்காக இல்லை. முறை எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அலறல் நிற்கவில்லை, நான் நடந்துகொண்டே இருந்தேன். தபால்காரர் தன் வாசலிலிருந்து ஓடிவந்தார். என்னைக் கடக்கும்போது என் முகத்தை ஒருமுறை பார்த்தார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன்.

விழுந்தவர் அந்தக் கான்ட்ராக்டர்தான். தொடை எலும்பு இரண்டாக முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது என்று ஆம்புலன்ஸ் போனபிறகு தெரு பேசியது. நினைத்தது பலித்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அதையும் இங்கே எழுதிவிடவேண்டும்.

கையில் குங்குமச் சிவப்பு போகவே இல்லை. தேய்த்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "போலீஸ் வருவான். arrest பண்ணுவான். எல்லாம் போச்சு, பெட்டியைக் கட்டவேண்டியதுதான்" என்று கத்திக்கொண்டே ஓங்கிக் கன்னத்தில் அறைந்தார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல் அடி. என் கையில் கார்ட்லெஸ் போன் இருந்தது. அதாலேயே அவர் காதோரம் ஒரே போடு போட்டேன். பேட்டரி மூடி தெறித்தது. மகள் மாடிப்படியில் நின்று, "ஸ்டாப் இட்! ஸ்டாப் இட்!" என்று அலறினாள். நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ் தெருவில் விசாரித்தது. ரோட்டில் ரத்தம், சூனியம், சாத்தானைக் கும்பிடுகிற கூட்டம் என்று ஊரில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஐந்து கால் டாலர் காசுகளையும் போலீஸ்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். தபால்காரர் அவரிடம் ஒரே வரிதான் சொன்னாராம், "அது என் வீட்டிலிருந்து போனது, தப்பு என்னுடையது" என்று. தெருவில் குப்பை போட்டதற்கு அபராதம் கட்டினார். சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினார். "உங்கள் கிரீன் கார்டு முதலில் வரட்டும். செவ்வாய்க்கிழமை வீட்டிலேயே இருங்கள்" என்றார். நான் தேங்க்ஸ் சொன்னேன். மறுக்கவில்லை. போனை வைத்தபின் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் ஓட்டுப்பதிவு. எதிரே காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். தபால்காரர் வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தோளால் இடித்தார்கள். விழுந்தார். கண்ணாடியை ஒருவன் பூட்ஸால் மிதித்தான். நான் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன், திறக்கவில்லை. அவர் படுதோல்வி அடைந்தார்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் மளிகைக் கடையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்தேன். கடை வாசலில் யாரோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "முதலில் நீங்கள் போங்கள்" என்றார். கான்ட்ராக்டர். அக்குளில் ஊன்றுகோல், பாதி மெலிந்துவிட்ட முகம். ஃபைலால் அடித்தது நான் என்றும் அவருக்குத் தெரியாது, பூசணிக்காய் என்னுடையது என்றும் தெரியாது. நான் அவரைத் தாண்டிப் போனேன். காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன்.

ஜூன் மாதப் போர்டு கூட்டத்துக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலை மறிப்பார் என்று நினைத்தேன். அவர் கார்ச் சாவியை எடுத்தார். "எப்படியும் போவ. நானே drive பண்றேன்" என்றார்.

மைக்கில் பொதுமக்களுக்கு மூன்று நிமிடம். "ஏப்ரலில் ரோட்டில் பூசணிக்காய் உடைத்தது நான்" என்றேன். "தபால்காரர் இல்லை. எங்கள் ஊர் வழக்கம் அது. ஆனால் வண்டி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மனிதர் அலறியதும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன். இது என் கணக்கு, சொல்லிவிட்டேன். இப்போது மூன்று கூரைக்கு உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்."

போர்டு தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஓர் உறுமல் கேட்டது. நான் திரும்புவதற்குள் கான்ட்ராக்டரின் ஊன்றுகோல் என் நெற்றியில் இறங்கியது. வீசிய வேகத்தில் அவரும் நிலைதடுமாறி நாற்காலிகளுக்கு நடுவே சரிந்தார். என் வீட்டுக்காரர், ஈ எறும்புக்குப் பயப்படுகிறவர், இரண்டு வரிசை தாண்டிக் குதித்து அவர்மேல் விழுந்து குத்தினார். என் கண்ணில் ரத்தம் இறங்க, வீட்டுக்காரரை இழுத்து நிறுத்தியது நான்தான்.

எமர்ஜென்ஸியில் எனக்கும் கான்ட்ராக்டருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், நடுவில் ஒரு திரை. போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கேஸ் வேண்டாம் என்றேன். திரைக்கு அந்தப் பக்கமும் வேண்டாம் என்ற குரல் கேட்டது. தபால்காரர் என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் என் நெற்றியைக் கிட்டே வந்து பார்த்துத் தையலை எண்ணினாள். "அம்மா, யூ காட் ஒன்லி த்ரீ. ஐ காட் செவன்" என்றாள்.

திரை விலகியது. அந்த ஆள் அவள் நெற்றியையே பார்த்தார். பலகை விழுந்தது இவள் மேலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஒரு தடவைதான் போட்டேன். மீதி இரண்டும் பில் மட்டும். போர்டில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்" என்றார்.

"போலீஸ்காரர் வெளியேதான் நிற்கிறார். அவரிடம் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் திரையை இழுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அப்படி முதுகு காட்டிப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கே இரண்டு மாதம் பிடித்தது.

எங்களை யாரும் நாடுகடத்தவில்லை. கிரீன் கார்டு அதன் பாட்டுக்கு மூன்று வருடம் கழித்து வந்தது. தபால்காரர் அடுத்த ஏப்ரலில் மறுபடி நின்றார். அதே நாற்பது அட்டைகளுக்கு இரண்டாம் கோட்டுப் பெயிண்ட் அடித்தோம். அதற்கு முன் நடந்த பட்ஜெட் கூட்டத்தில், பொதுமக்கள் பேசலாம் என்று தலைவர் சொன்னதும், பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கான்ட்ராக்டர் நொண்டி நொண்டி மைக்குக்குப் போனார். கையில் மடித்த காகிதங்கள். பேச ஆரம்பிக்கும் முன், நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.