துரைசானி பரிமாறிய என் வீட்டு விருந்து

கொல்லிமலையில் மேகம் கேட்காமல் வீட்டுக்குள் வரும். சன்னலைச் சாத்த மறந்தால் படுக்கை ஈரமாகும், தீப்பெட்டி நமுத்துப் போகும், கொடியில் போட்ட சேலை மூன்று நாளானாலும் காயாது. நான் வளர்ந்த ரங்கூனிலும் மழைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே மழை கூரையோடு நின்றுவிடும். இங்கே வந்து ஆறு வருஷமாகியும் இந்த மேகத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட மலையில், சேலையே காயாத கொடியில், ஒருநாள் காலையில் கோதுமை மாவைத் தேய்த்து நீள நீளமாக நறுக்கித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, திங்கற பண்டத்த யாராச்சும் கொடியில காயப்போடுவாங்களா?"

"இத்தாலியில போடுவாங்களாம்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எஸ்டேட் ஆபீசுக்குப் போய்விட்டார். காப்பித் தோட்டத்தில் அவர் கணக்கெழுதும் ரைட்டர். சொந்த ஊர் மலையடிவாரம். பிழைக்க ரங்கூன் வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, இங்கே கூட்டிவந்தார். தோட்டத்துத் துரை போன வருஷம் ஓர் இத்தாலிக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். வந்த சூட்டிலேயே அந்தத் துரைசானி, தோட்டத்து ஆண்களுக்கும் திண்ணனூர் நாட்டு மலைக்காரர்களின் தலைவரான கவுண்டருக்கும் தன் ஊர் முறைப்படி ஒரு விருந்து வைத்தாள். அதைச் சாப்பிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒரு மாதம் ஓயவில்லை. "நூலு நூலா மாவு, அதும்மேல தக்காளிக் கொழம்பு. அமிர்தம் போ!" இதே மனுஷனுக்குக் கல்யாணமான புதிதில் தேங்காய்ப்பால் ஊற்றி, பர்மாக்காரர்களின் மாவு நூலான கௌசுவேயை நான் செய்து வைத்தபோது, "என்னது, புழுவாட்டம்" என்று தட்டைத் தள்ளினார். நான் செய்தால் புழு, வெள்ளைக்காரி செய்தால் அமிர்தம். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதுகூடப் போகட்டும். மலைக்காரர்கள் அவளைக் கொண்டாடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் களத்தில் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். மூக்கொழுகும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். வந்து வருஷம் ஒன்று. அதற்குள் "எங்க அம்மிணி" ஆகிவிட்டாள். தமிழச்சியான நான் ஆறு வருஷமாக ரங்கூன்காரம்மாதான். ரங்கூனிலோ பர்மாக்காரிகள் என்னைக் 'கலாமா' என்றார்கள், அதாவது இந்தியாக்காரி. எனக்கு அவள்மேல் பொறாமை. மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் வைத்த விருந்தையே அவளைவிட நன்றாக வைத்து, இந்த ஊர் வாயால் ஒருமுறை "எங்க அம்மா" என்று கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

துரைசானி வீட்டுச் சமையல்காரரிடம் நயமாகப் பேசி விவரம் பிடுங்கினேன். முதலில் மாவு நூல் மட்டும் வரவேண்டும். அது தீர்ந்து தட்டை எடுத்த பிறகு கோழி. அதன் பின் கீரை. கடைசியில் பழமும் காப்பியும். ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், மற்றபடி மலை மிளகு, நாட்டுக்கோழி, பலாச்சுளை. ரங்கூனிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைத் துடைத்து வைத்தேன். இருட்டுவதற்குள் காட்டு வழியே திரும்ப வேண்டியவர்கள் என்பதால் விருந்து மத்தியானத்தில். கவுண்டரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். துரை சேலம் போயிருந்ததால் துரைசானி தனியாக வந்து, கவுண்டர் சம்சாரத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மாவு நூலைப் பரிமாறினேன். தக்காளியும் பூண்டும் மணத்தன. கதவோரம் போய் நின்றேன். யாரும் கை வைக்கவில்லை.

"சாப்பிடுங்க" என்றேன்.

"ஆகட்டுங்க" என்றார் கவுண்டர். கை மடியிலேயே இருந்தது.

புழு என்று நினைக்கிறார்களோ என்று பயந்தேன். துரைசானி வீட்டில் மட்டும் இறங்கியதா என்று கோபமும் வந்தது. "ஏன், பிடிக்கலையா?"

"ஐய, அப்படியில்லீங்க. மத்ததெல்லாம் வரட்டுங்க."

"முதல்ல இதை முடிங்க. முடிச்சாத்தான் அடுத்தது வரும்."

சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று தெரிந்தது. சோற்றைக் காட்டிப் பேரம் பேசுகிறவளைப் பார்ப்பதுபோல் கவுண்டர் சம்சாரம் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டில் மாவு ஆறி ஒட்டிக்கொண்டிருந்தது.

துரைசானி எழுந்தாள். நேராக என் அடுக்களைக்குள் போனாள். கோழியையும் கீரையையும் பலாச்சுளையையும், ராத்திரிக்கு என்று நான் வடித்து வைத்திருந்த சோற்றையும்கூடத் தூக்கி வந்து அவரவர் தட்டிலேயே மாவைச் சுற்றிவர வைத்தாள். ஓரத்தில் உப்பு வைக்கவும் மறக்கவில்லை. பின்பு, "சாப்புடுங்க சாமி" என்றாள். கைகள் இறங்கின.

என் பக்கம் வந்து காதோடு சொன்னாள்: "எல்லாத்தையும் ஒண்ணா வெக்கோணும். எங்கூட்லயும் மொதல்ல இதே கூத்துத்தானுங்க."

எல்லாம் வந்து விழாமல் பந்தியில் யாரும் கை நனைப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? என் அப்பா ரங்கூனிலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அவளை ஜெயிக்கும் அவசரத்தில் நான் இத்தாலிக்காரி ஆகியிருந்தேன்; அவள் இந்த மலைக்காரி ஆகியிருந்தாள். ஊடு என்கிறாள்! எனக்கு இன்றுவரை வீடுதான். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். இவளுக்கு நான் இடம்கூடக் கொடுக்கவில்லை.

"அங்கயும் இப்படி ஆச்சா?" என்று என் வீட்டுக்காரரிடம் பல்லைக் கடித்தேன்.

"ருசியில மறந்துட்டேன் கண்ணு" என்றார் அந்த மகானுபாவர்.

விருந்து நன்றாகவே முடிந்தது. கவுண்டர் கோழியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். எல்லாரும் முற்றத்துக்கு வர, நான் செம்பை எடுத்துக்கொண்டு போய்க் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். துரைசானி பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, முந்தானை இல்லாத குறையாக, கவுனில் கையைத் துடைத்தபடி என் வாசற்படியில் வந்து நின்றாள். கவுண்டரும் சம்சாரமும் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். "வயிறு நெறஞ்சு போச்சுங்க அம்மிணி. போயிட்டு வாரமுங்க."

"வாங்க சாமி" என்றாள் அவள், என் வீட்டிலிருந்து.

பிறகு கவுண்டர் சம்சாரம் முற்றத்தில் நின்ற என் பக்கம் திரும்பி, ஈரக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "ஏனுங்க, நீங்க எப்பங்க உங்கூருக்குக் கெளம்பறீங்க?"