தும்பிக்கை வராத யானை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: குற்றாலத்து விடுதி ஒன்றின் வாசலில் நிற்க வேண்டிய ஃபைபர் யானை, தும்பிக்கை இல்லாத காரணத்தால் இந்த சீசனுக்கு வருகை தராது.

தும்பிக்கை வார்க்க வேண்டிய என் அத்தை தமிழ்ச்செல்வி போன வாரம் காலமானார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போனில் சொன்னது, “அத்தை போயிட்டா, லே.” அவ்வளவுதான்.

அத்தைக்குத் தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் ஃபைபர் பட்டறை; எடுபிடி நான். ஓட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட ஆரம்பித்து, கோயில் கொடை விழாவுக்குக் குதிரை செய்யும் அளவுக்கு வளர்ந்தவர். தேனாக ஓடும் ரெசின் என்ற பிசினைக் கெட்டியாக்குவதால் நான் வைத்த பெயர் ‘கெட்டிக்காரி’.

கெட்டியாக்குவது சின்ன பாட்டில் ஹார்ட்னர். “அதுல உள்ள மூலக்கூறு முதல்ல தான் ரெண்டா ஒடையும்லே. ஒடைஞ்ச துண்டு சும்மா இருக்காது. பக்கத்துல உள்ளதைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். கடைசில எல்லாம் ஒரே சங்கிலி” என்பார். தயவுசெய்து இதை வைத்து இரங்கல் கூட்டத்தில் யாரும் தத்துவம் பேச வேண்டாம்.

அதை வேகப்படுத்த கோபால்ட் என்று இன்னொரு பாட்டில். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீ. அதனால் கோபால்ட் கிழக்குச் சுவரில், ஹார்ட்னர் மேற்குச் சுவரில். “சண்டைக்கார சம்பந்திங்கலே. நடுவுல ரெசின் இல்லாமப் பேச விடக்கூடாது.” கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பாட்டிலை அதன் இடத்தில் வைத்த பிறகே ஹார்ட்னரைத் தொடுவார்.

ஒருநாள் விடுதி முதலாளி வந்தபோது, யானை வயிற்றுக்குள் ஒளிந்து பிளிறினேன். மனுஷன் துள்ளிவிட்டார். அத்தை அசையவில்லை. “சாரல்ல நனைஞ்சுட்டு அண்ணாச்சி, தொண்டை கட்டியிருக்கு.”

சாரல் குளிரில் ரெசின் மெதுவாகத்தான் இறுகும். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, சீசன் முடிஞ்ச பொறவா யானை வரும்?” என்று தன் கட்டட மேஸ்திரியைப் பட்டறையில் கொண்டு வந்து உட்கார வைத்தார். அத்தை அச்சுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். நான் யானையின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் ஆகட்டும் என்று மேஸ்திரி இரண்டு பாட்டிலையும் ஒரே குவளையில் ஊற்றினார். “வெளிய ஓடுலே!” என்று கத்திய அத்தை, மேஸ்திரியைத் தள்ளிவிட்டுக் குவளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வீசுவதற்குள் பற்றிவிட்டது.

துக்கம் விசாரிக்கத் துஷ்டி வீட்டுக்கு முதலாளி ரோஜா மாலையோடு வந்தார். “பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? கவனம் பத்தாது.” மேஸ்திரி பின்னால் நின்று தலையாட்டினார், அத்தை காப்பாற்றிக் கொடுத்த அதே தலை. கலந்தது அவர்தான் என்று கத்தினேன். “இவன் எப்பவுமே இப்படித்தான், விளையாட்டுப் பய” என்றார்கள் சொந்தக்காரர்கள். அதனால்தான் எழுதுகிறேன்: கலந்தது அத்தை இல்லை.

அன்றைக்கே சவால் விட்டேன். “தும்பிக்கையை நானே வார்க்குதேன். அத்தை சொன்னபடி செஞ்சா ஒண்ணும் எரியாது, பாருங்க.” நேற்று வார்த்தும் விட்டேன். தென்காசி முழுக்கச் சொல்லியாயிற்று.

போய் வாருங்கள், அத்தை. உங்களிடம் மட்டும் ஒன்று. தும்பிக்கை இன்னும் கையில் ஒட்டுகிறது, நாளைக்கும் ஒட்டும். கோபால்ட்டைக் கலக்கி, மூடி, கிழக்குச் சுவரில் வைத்தேன். மேற்குச் சுவர் வரைக்கும் போனேன். ஹார்ட்னர் மூடியைத் திறக்கக் கை வரவில்லை.