சங்கிலிமுத்துவின் அவையடக்கம்

சங்கிலிமுத்து சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளை மருந்தில் முக்கும் வேலை செய்தார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார். யாராவது அவர் காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்பார். வெண்பா மட்டும் நன்றாக எழுதுவார். அது தற்செயல் என்பது அவர் எண்ணம்.

அறுபத்தொன்றாம் வருடப் பொங்கலுக்கு விருதுநகரில் கவியரங்கம். தலைப்பு மழை. காலண்டர் கம்பெனி முதலாளி சீனிவாசகம் வருவதாகப் பேச்சு. சாமி படங்களுக்குக் கீழே பாட்டு எழுத அவருக்கு ஓர் ஆள் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

மருந்து நெடியில் இருமி இருமி மெலிந்திருந்த கணவரைச் சின்னத்தாய் வாசல்வரை வந்து அனுப்பினாள்.

"பாட்டை மட்டும் படிங்க. வேற எதுவும் பேசிறாதீக."

அவையில் பாடுகிறவர் முதலில் தன்னைத் தாழ்த்தி ஒரு பாட்டுச் சொல்வது வழக்கம். அவையடக்கம் என்பார்கள். மற்றவர்கள் நாலு வரியில் முடித்தார்கள். சங்கிலிமுத்து எழுந்தார். தான் கல்லாதவன் என்று ஒரு வெண்பா. தன் பாட்டு காக்கையின் கத்தல் என்று ஒன்று. அப்படி ஒப்பிட்டதற்குக் காக்கையிடம் மன்னிப்புக் கேட்டு ஒன்று. கூட்டம் ரசித்துச் சிரித்தது. அவர் மிரண்டுபோய் இன்னும் தாழ்ந்தார். எழுதி வந்தவை தீர்ந்ததும் நின்ற இடத்திலேயே கட்டினார். மைக்கிடமும் பந்தல்காலிடமும் வெண்பாவில் மன்னிப்பு. நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். மழை சட்டைப்பையிலேயே இருந்தது.

மேடையை விட்டு இறங்கியவரின் கையைச் சீனிவாசகம் பிடித்துக்கொண்டார்.

"புலவரே, மன்னிப்புக் கேக்கவே பாட்டு இம்புட்டு அழகா வருதே, சாமிக்கு எம்புட்டு வரும்! நாளைக்கே வேலைக்கு வாங்க."

"மொதலாளி பெரிய மனசுல சொல்றீக. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமயா சனம் அப்பிடிச் சிரிச்சுச்சு?"

"அது என் மூஞ்சியப் பாத்து. அந்தா, எனக்கு முன்னால பாடுன அய்யாதுரை நிக்கிறாக பாருங்க, அவுகதான் சரியான ஆளு."

"நெசமாவா?"

"சத்தியமா."

சீனிவாசகம் யோசித்தார். "இம்புட்டு நல்லாப் பாடுறவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அய்யாதுரையிடம் போனார்.

வீட்டில் சின்னத்தாய் கேட்டாள். "வேலை?"

"அய்யாதுரைக்குக் கெடச்சிருச்சு. நான்தான் சொன்னேன்." முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நீங்க சொன்னதும் குடுத்துட்டாகளா?"

"ஒடனே."

"அதே வாயால ஒங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கா?" அப்படியும் ஒன்று உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "என்னன்னு சொல்ல?"

காலையில் சங்கு ஊதியதும் மருந்து முக்கப் போனார்.